நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள், மன்னரே

பக்கிங்காம்ஷயர், இங்கிலாந்து, 1640 மே

மாட்சிமை தங்கிய மன்னர் சார்லஸ் அவர்களுக்குக் குடியானவன் ஒருவன் பணிந்து எழுதுவது.

பதினொரு ஆண்டுகள் காத்திருந்த பிறகு ஏப்ரல் 13 அன்று கூடிய நாடாளுமன்றத்தை மே 5 அன்று தாங்கள் கலைத்துவிட்டதாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் காலம்தான் அது. குறைகளைக் கேளுங்கள், பிறகு ஸ்காட்லாந்துப் போருக்குப் பணம் தருகிறோம் என்று உறுப்பினர்கள் கூறியது அத்தனை பெரிய குற்றமா? நாடாளுமன்றம் பன்னிரண்டு மானியங்களை, அதாவது தங்களுக்கான வரிப்பணத்தை, வழங்கினால் கடற்படைக்கென்று வாங்கும் கப்பல் வரியைக் கைவிடுவதாகத் தாங்கள் சொன்னீர்களாம். எங்களைக் கேட்காமல் எடுத்ததை எங்களுக்கே விலை வைப்பது நியாயமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த வரி எங்களை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் மூவர்கூட இல்லை. ஆனாலும் 1635-இல் எங்கள் கவுண்டி 450 டன் கப்பல் ஒன்றைத் தர வேண்டும், இல்லையேல் 4,500 பவுண்டு கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. என் பங்கு ஆறு ஷில்லிங். அதைக் கட்ட முடியாத ஆண்டில் ஊர்க் காவலர் வந்து என் மனைவியின் பித்தளைப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, உள்ளிருந்த கஞ்சியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பானையைச் சூடு ஆறும் முன்பே எடுத்துச் சென்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் வரி இல்லை என்று 1628-இல் உரிமை விண்ணப்பத்துக்குத் தாங்களே இசைந்தீர்கள். எங்கள் கவுண்டிக்காரர் ஜான் ஹாம்ப்டன் இருபது ஷில்லிங் கப்பல் வரியைக் கட்ட மறுத்து வழக்காடியபோது பன்னிரண்டு நீதிபதிகளில் ஐவர் அவர் பக்கம் நின்றார்கள். எழுவர் தங்கள் பக்கம். அந்த எழுவரில் ஒருவரான ஜான் ஃபின்ச்தான் 1629-இல் அவைத்தலைவராக இருந்து, கூட்டத்தை முடிக்க எழ முயன்றபோது உறுப்பினர்களால் நாற்காலியிலேயே பிடித்து அமர்த்தப்பட்டவர். இப்போது அரச முத்திரை அவர் கையில் இருக்கிறது. அன்று அவையில் முன்னின்ற ஜான் எலியட்டோ லண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். அவருடைய உடலைக்கூடச் சொந்த ஊருக்கு அனுப்பத் தங்களுக்கு மனம் வரவில்லை.

தேவாலய வழிபாட்டு நூலை ஸ்காட்லாந்துக்காரர்கள் மேல் திணித்தது யார், அதை எதிர்த்து எழுந்தவர்களை அடக்கும் செலவு ஏன் எங்கள் தலையில் விழுகிறது என்றெல்லாம் கேட்க வாய் துடிக்கிறது. ஆயர்களைக் குறைகூறி எழுதிய மூவரின் காதுகள் 1637-இல் அறுக்கப்பட்டதை நினைத்து, என் காதுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் முடியின்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆகவே மீண்டும் கேட்கிறேன்: நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள், கூட்டியபின் அது பேசி முடிக்கும்வரை கலைக்காதீர்கள். தங்களுக்கு மனமிருந்தால் அந்தப் பானையையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதன் விளிம்பில் இடப்பக்கம் ஒரு நசுங்கல் இருக்கும்.