உத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல், அவர் போக்குக் காட்டுவார். பர்மா தேக்கு விலையைப் பற்றி நீ புலம்பியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். அந்த வியாபாரியை நீ திட்டாத வருஷம் உண்டா?

"சீனாவில் உட்கார்ந்து என்னதான் பண்ணுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். செப்டம்பர் கடைசியில், அக்டோபர் 1 தேசிய தின விடுமுறைக் கூட்டம் கிளம்புவதற்கு முன்னால், பைக்கை எடுத்துக்கொண்டு ஷான்ஸி மாகாணத்தின் வடபகுதியைச் சுற்றிவிட்டு வந்தேன். தனியாகத்தான். ஆபீஸில் கூப்பிட்ட இரண்டு பேரும் அதிவேக ரயில் இருக்கும்போது பைக் எதற்கு என்று கேட்டார்கள். நம்ம ஊர் லைசென்ஸும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் இங்கே செல்லாது. தனியாக எழுத்துத் தேர்வு, அதில் நூற்றுக்கு 90 வாங்க வேண்டும். பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். அதையெல்லாம் போன வருஷமே முடித்து வைத்திருந்தேன். வண்டி ஒரு 150 சிசி, யூனிகார்ன் ஓட்டுகிற சுகம்.

கிராமச் சாலைகளில் அறுவடை நேரம். பாதித் தாரை மக்காச்சோளம் அடைத்துக்கொண்டு காய்கிறது, மீதிப் பாதியில் நிலக்கரி லாரிகள் வருகின்றன. தாதோங் நிலக்கரி ஊர், மூக்குக்குள் கரி படியாமல் வெளியே வர முடியாது. பெட்ரோல் போடுவது தனிக் கூத்து. பல பங்குகளில் பைக்கைப் பம்புக்குப் பக்கத்தில் விடுவதில்லை. தள்ளி நிறுத்திவிட்டு, மூக்கு நீண்ட தகரக் கெட்டிலில் பெட்ரோலைப் பிடித்து நடந்து வந்து நாமே டாங்கில் ஊற்ற வேண்டும். ஒரு சின்ன ஊர் விடுதியில் என் பாஸ்போர்ட்டை எப்படிப் பதிவு செய்வதென்று வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. யார் யாருக்கோ போன் போட்டாள். அதற்குள் அவள் அம்மா ஓட்ஸ் மாவைக் குழல் குழலாகச் சுருட்டி, தட்டில் நெருக்கமாக நிற்க வைத்து, ஆவியில் அவித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். தொட்டுக்கொள்ள அந்த ஊர்க் கறுப்பு வினிகர். எனக்குச் சாப்பாட்டுக் கவலை அத்தோடு தீர்ந்தது.

முதலில் யுன்காங் குகைகள். கி.பி. 460 வாக்கில் தான்யாவ் என்ற துறவியின் மேற்பார்வையில், வட வெய் வம்ச அரசர்கள் மணற்பாறையைக் குடைய ஆரம்பித்தார்கள். மொத்தம் ஐம்பத்தோராயிரம் சிலைகளுக்கு மேல் இருக்கின்றன. 20ஆம் குகையின் முன்சுவர் இடிந்துபோனதால் 13.7 மீட்டர் உயரப் புத்தர் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் அங்கேதான் செல்ஃபி எடுக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது 8ஆம் குகை வாசலில். ஒரு பக்கம் மூன்று தலை, எட்டுக் கையோடு காளை மேல் மகேஸ்வரன். எதிர்ப்பக்கம் ஐந்து தலை, ஆறு கையோடு பறவை மேல் ஒருவர். குமரன் என்கிறார்கள் பலர், கருடன் மேல் விஷ்ணு என்கிறார்கள் சிலர். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை, கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தொங்கும் கோயிலைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு வந்துவிட்டேன். ஏறுவதற்கு அவ்வளவு பெரிய வரிசை. யிங்ஷியன் மரக் கோபுரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது.

வூதாய் மலை, ஞானத்துக்கான போதிசத்துவர் மஞ்சுஸ்ரீயின் இருப்பிடம் என்று நம்பப்படுவது. தட்டையான உச்சியுடைய ஐந்து சிகரங்கள், வடக்குச் சிகரம் 3,000 மீட்டருக்கு மேல். க்ளட்ச் பிடிக்கும் விரல்கள் குளிரில் மடங்கவே இல்லை. அங்கிருந்து இறங்கும் வழியில் ஜின்கெ கோயில். 766இல் அதைக் கட்டுவதற்கு முன்னின்றவர் அமோகவஜ்ரர் என்ற பௌத்தத் துறவி. அவருடைய குரு வஜ்ரபோதி தென்னிந்தியர், 720 வாக்கில் கடல் வழியாகச் சீனா வந்தவர். அவர் முன்னே காஞ்சியில் இருந்தபோது, பஞ்சம் தீர மழை வேண்டி வழிபாடு நடத்தினார் என்று சீனர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு அப்போது பொன்முலாம் பூசிய செப்பு ஓடு வேய்ந்திருந்தார்களாம். இப்போது அதில் ஒரு ஓடுகூட இல்லை.

நிலைத்தது என்னவோ யாரும் கவனிக்காத மரம்தான் மாப்ள. மலைக்குத் தெற்கே ஃபோகுவாங் கோயில். கூட்டமே கிடையாது. அதன் கிழக்கு மண்டபம் 857இல் கட்டியது. 1937 ஜூலையில் பழைய சீனக் கட்டடங்களை ஆராய்ந்த லியாங் ஸுச்செங்கும் அவர் மனைவி லின் ஹுவெயினும் கோவேறு கழுதைகளில் ஏறி இங்கே வந்தார்கள். தாங் வம்ச காலத்து (7–10ஆம் நூற்றாண்டு) மரக் கட்டடம் பார்க்க வேண்டுமானால் ஜப்பானின் நாராவுக்குத்தான் போக வேண்டும் என்று அப்போது ஜப்பானிய அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லியாங் தம்பதிக்கு, மேற்குச் சீனாவின் துன்ஹுவாங் பௌத்தக் குகைகளில் 61ஆம் குகைச் சுவரோவியத்தில் வரைந்திருந்த இந்தக் கோயில்தான் துப்பு. மேற்கூரைக்குள் வௌவால் கூட்டம், மூட்டைப்பூச்சி, கணுக்கால் புதையும் தூசி. லின்னுக்குத் தூரப்பார்வை. தரையில் நின்றபடியே உத்திரத்தின் அடியில் மங்கலான மை எழுத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சாரம் கட்டி, படுக்கை விரிப்பைக் கிழித்து நனைத்துத் துடைத்தபோது தெரிந்தது நிங் கோங்யூ என்ற பெண்ணின் பெயர். மண்டபத்துக்குக் கொடை கொடுத்தவள். வெளியே நிற்கும் கல்தூணில் அதே பெயர், கூடவே ஆண்டும். அதே வாரம்தான் சீனா-ஜப்பான் போர் தொடங்கியது. செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது சில நாள் கழித்து.

நிங் கோங்யூ சிலை மண்டபத்தின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. சாதாரண வீட்டுப் பெண்ணின் உடையில், சம்மணமிட்டு. நான் நிமிர்ந்து பார்த்தது தூண் தலையில் கூரையைத் தாங்கும் போதிகைகளை. அடுக்கு அடுக்காக ஏறி, தூண் உயரத்தில் பாதி அளவுக்கு நிற்கின்றன. இறவாரம் கிட்டத்தட்ட 4 மீட்டர் வெளியே நீள்கிறது. அதைத் தாங்குவது சாய்வாகப் போகும் ஒரு நீளக் கட்டை. பின் முனையைக் கூரையின் பாரம் அழுத்த, முன் முனை இறவாரத்தைத் தூக்குகிறது. வெறும் நெம்புகோல் கணக்குடா. உன் பட்டறை ஆட்களிடம் காட்டு, படம் தனியாக அனுப்புகிறேன்.

அங்கிருந்து நான்சான் கோயில், 782இல் கட்டியது. முன்பக்கம் தூணுக்குத் தூண் மூன்றே அங்கணம், உள்ளே ஒரு தூண் கிடையாது. வெளிச்சுற்றில் 12 தூண்கள், அதில் மூன்று மட்டும் சதுரம். 845இல் வூஸோங் பேரரசர் நாடு முழுக்க பௌத்த மடங்களை இடித்தபோது ஃபோகுவாங்கின் பழைய மண்டபமும் போனது. இது தப்பித்தது. சிறிசு, மூலையில் கிடந்தது, எவன் கண்ணிலும் படவில்லை என்றுதான் சொல்கிறார்கள். சுற்றிலும் சோளக்காடு. வாசலில் காவல்காரர் மட்டும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

இப்போது உன் வேலை. யிங்ஷியன் கோபுரம் 1056இல் கட்டியது, 67.31 மீட்டர், எண்கோணம். லார்ச் மரம். வெளியே ஐந்து நிலை தெரிகிறது, உள்ளே மறைவாக நாலு. அடுக்குப் போதிகை மட்டும் 54 வகை. 1926 உள்நாட்டுச் சண்டையில் இருநூறுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தாங்கியது. இப்போது இரண்டாம் நிலை சாய்கிறது, தரைத்தளத்துக்கு மேல் யாரையும் விடுவதில்லை. கழற்றிக் கோப்பதா, மேல் நிலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே சரிசெய்வதா, முட்டுக் கொடுத்தால் போதுமா என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நீ காரைக்குடியில் எத்தனை வீட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறாய். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? யோசித்து எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மச்சான்