‘65 ஆனால் மருந்து இலவசம்’: பாதிதான் உண்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் முதியோர் பக்கத்தில் “ஒன்ராறியோவில் 65 வயது ஆனால் மருந்துகள் இலவசம்” என்று ஒரு வரி வந்திருந்தது. முழுப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியை நம்பியிருந்த என் மாமியார் பட்ட பாட்டைக் கண்ட பிறகு, அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமிக்கு 74 வயது. மாமா காலமாகி இரண்டு வருடமாகிறது. பிரஷர், சீனி, கொலஸ்ரோல், தைரொயிட் என்று மாமி எடுப்பது ஆறு வகைக் குளிசைகள். போன ஓகஸ்டில் அவருடைய மேசை லாச்சியைத் திறந்தபோது, கத்தியால் பாதியாக வெட்டி ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருந்த குளிசைகளைக் கண்டேன். ஏன் என்று கேட்டதற்கு முதலில் பேச்சை மாற்றினார். பிறகு மெல்லச் சொன்னார்: “ஒவ்வொரு ஓகஸ்டும் பாமசியில காசு கூடக் கேக்கினம் பிள்ளை. இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு அன்னதானக் காசு அனுப்பிப்போட்டன். உங்களிட்டக் கேக்க ஒரு மாதிரி இருந்தது. பாதி போட்டாலும் கேக்கும்தானே.”

கேட்கவில்லை. அந்த வாரம் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது பிரஷர் 178 காட்டியது.

மாமி சொன்ன அந்த ‘ஓகஸ்ட் காசு’ என்னவென்று எனக்கும் அதுவரை சரியாகத் தெரியாது. விசாரித்து அறிந்துகொண்டதைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன். ஓஹிப் என்ற மாகாண சுகாதாரக் காப்புறுதி அட்டை டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். வீட்டுக்கு வாங்கிப் போகும் மருந்தின் செலவை அது பொறுக்காது. 65 வயதானவர்களுக்கு அந்த மருந்தைப் பொறுப்பது ‘ஒன்ராறியோ ட்ரக் பெனிஃபிட்’ என்ற மாகாண அரசின் திட்டம். இதில் சேர விண்ணப்பம் தேவையில்லை. 65ஆவது பிறந்தநாள் வரும் மாதத்துக்கு அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்து, பாமசியில் ஓஹிப் அட்டையைக் காட்டினால் போதும். அரசின் பட்டியலில் 5,000க்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. இவ்வளவும் தானாக நடப்பதால்தான் ‘இலவசம்’ என்ற சொல் நம் ஆட்களிடையே பரவியது.

ஆனால் இத்திட்டத்தின் வருடம் தை மாதத்தில் தொடங்குவதில்லை. ஓகஸ்ட் 1இல் தொடங்கி யூலை 31இல் முடிகிறது. வருமானம் ஒரு வரம்புக்கு மேல் உள்ள முதியவர் ஒவ்வொரு ஓகஸ்டிலும் முதல் 100 டொலர் மருந்துச் செலவைத் தானே கட்டவேண்டும். கணவனும் மனைவியும் இருந்தால் ஆளுக்கு 100. அதன் பிறகும் ஒவ்வொரு மருந்தையும் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 6 டொலர் 11 சதம் வரை கட்டவேண்டும். வருமானம் அந்த வரம்புக்குள் இருப்பவருக்கோ அந்த 100 டொலர் கிடையாது. ஒரு மருந்துக்கு 2 டொலர் வரைதான். சில பாமசிகள் அந்த இரண்டு டொலரையும் வாங்குவதில்லை. ஆறு மருந்தை வருடத்தில் நான்கு தடவை எடுத்தால், 6.11 வீதம் 146 டொலர் 64 சதம் வரும். 2 டொலர் வீதம் 48தான். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தனிப் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இந்தச் சலுகைக்குப் பெயர் ‘சீனியர்ஸ் கோ-பேமண்ட் புரோகிராம்’. இதற்கு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. மாமா இருந்தபோது அவருடைய தொழிற்சாலை ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பார்த்தால் இருவரின் வருமானமும் வரம்பைத் தாண்டியது. அவர் போன பிறகு மாமியின் வருமானம் தனியாள் வரம்புக்குள் வந்துவிட்டது. அந்தப் படிவத்தை அப்போதே நிரப்பியிருக்க வேண்டும். அவர் பல வருடமாகப் போய்வரும் பாமசியில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. மாமா இறந்தது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அவருடைய கடைசி மருந்துகளையும் அவர்களே கொடுத்தார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் மாமி குளிசை வெட்டியிருக்கமாட்டார் என்பதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. பிள்ளைகளான நாங்களும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் எங்களிடமும் இருக்கிறது.

துணையை இழந்த முதியவர்கள் உள்ள வீடுகள் தயவுசெய்து இதைக் கவனிக்கவேண்டும். செத்தவீட்டு அலுவல்களோடு அலுவலாக இந்தப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். முன்பு ஒருமுறை விண்ணப்பித்து ‘வருமானம் கூட’ என்று மறுக்கப்பட்டவர்களும் திரும்பப் பார்க்கலாம். வரம்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2016 ஓகஸ்டில் தனியாளுக்கு 16,018 டொலரிலிருந்து 19,300க்கும், தம்பதிக்கு 24,175இலிருந்து 32,300க்கும் உயர்த்தினார்கள். அதற்குப் பின்னும் உயர்ந்திருக்கிறது. அவர்கள் பார்ப்பது வரிப் படிவத்தின் 23600ஆம் வரியில் உள்ள நிகர வருமானத்தை. வருமானமே இல்லையென்று வரிப் படிவம் போடாமல் விடும் அம்மா அப்பாமாருக்குத்தான் இதில் தடை வருகிறது. ஒரு சதம் வரி கட்டத் தேவையில்லாவிட்டாலும் படிவத்தைப் போட்டுவிடுங்கள்.

நம்மவரிடையே இன்னொரு குழப்பமும் உண்டு. முதியோர் ஓய்வூதியத்துக்குக் கனடாவில் பத்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதால், மருந்துக்கும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு ஐயா, பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து நிரந்தர வதிவிடத்தோடு வந்தவர், மூன்று வருடமாக எல்லா மருந்தையும் முழுக்காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். செல்லுபடியாகும் ஓஹிப் அட்டையும் 65 வயதும் இருந்தால் அந்தப் பத்து வருடக் கணக்கு மருந்துக்கு இல்லை. பிள்ளைகளோடு நீண்டகாலம் தங்கிப் போவதற்கான சூப்பர் விசாவில் வந்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஓஹிப் கிடையாது, ஆகவே இதுவும் கிடையாது. வாங்கி வந்த தனியார் காப்புறுதி அவர்களுடைய பழைய வருத்தங்களுக்கான மருந்தைப் பொறுக்குமா என்று வரமுன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

கணவருக்கு 68, மனைவிக்கு 61 என்றால் மனைவி இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார். அவருக்கு வேலையிடக் காப்புறுதியும் இல்லாமல் மருந்துச் செலவு கூடவாக இருந்தால் ‘ட்ரில்லியம்’ திட்டம் இருக்கிறது. அதற்கு வயது பார்ப்பதில்லை. வீட்டின் நிகர வருமானத்தில் சுமார் 4 வீதம் வரை, நான்கு தவணையாகப் பிரித்து நாம் பொறுக்கவேண்டும். அதற்கு மேல் மருந்துக்கு 2 டொலர் வரைதான்.

“இந்த மருந்து லிஸ்டில் இல்லை” என்று பாமசியில் சொன்னவுடன் கைப்பையைத் திறக்கவும் வேண்டாம், மருந்தை விட்டுவரவும் வேண்டாம். சில மருந்துகளுக்கு டொக்டர் மருந்துத் துண்டில் ஒரு குறியீட்டு எண்ணை எழுதினால்தான் அரசு பொறுக்கும். அதை எழுத மறந்திருப்பார். பட்டியலில் அறவே இல்லாத மருந்துக்கு, டொக்டரே அமைச்சுக்கு எழுதி விசேட அனுமதி கேட்க ‘எக்செப்ஷனல் அக்செஸ்’ என்ற வழி உண்டு. இரண்டுக்கும் டொக்டரைத்தான் திரும்பக் கேட்கவேண்டும். நம் பெரியவர்கள் டொக்டரைத் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் பிள்ளையோ பேரப்பிள்ளையோ நின்று கேட்கலாம். ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஊசி போடும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஊசிச் செலவுக்காக வருடம் 170 டொலர் மாகாணம் தருகிறது. அதற்கும் தனிப் படிவம்தான்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணமாக ஒரு தடவையில் 100 நாளுக்கான மருந்துதான் எடுக்கலாம். 100 நாளுக்கு மேல், 200 நாளுக்குள் மாகாணத்துக்கு வெளியே நிற்கப் போவதைக் கடிதத்தாலோ பயணக் காப்புறுதிப் பத்திரத்தாலோ காட்டினால் 200 நாளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். யாழ்ப்பாணத்தில் போய் நின்றுகொண்டு, அதே மருந்தைத் தேடிக் கடை கடையாக அலையத் தேவையில்லை.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை நாட்பட்ட வருத்தத்துக்கு எடுப்பவர்கள், வருடத்தில் ஒருமுறை பாமசிஸ்டோடு இருந்து எல்லா மருந்தையும் ஒவ்வொன்றாகப் பேசலாம். ‘மெட்ஸ்செக்’ என்று கேளுங்கள். காசு இல்லை. மாமியை இப்போது வேறொரு பாமசிக்கு மாற்றிவிட்டோம். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை அரை மணித்தியாலம் அவரோடு இருந்து பேசினாள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு குளிசையை மாமி ஒன்றாக எடுத்துவந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. டொக்டரோடு பேசி ஒன்றை நிறுத்திவிட்டார்கள். கோ-பேமண்ட் கடிதமும் கார்த்திகையில் வந்துவிட்டது. மாமி அதை மாமாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

ஊரில் ஆஸ்பத்திரியில் துண்டைக் காட்டினால் கவுண்டரில் மருந்து கொடுப்பார்கள். படிவம் நிரப்பிக் கேட்டு எடுக்கும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு இல்லை. ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. வருடாவருடம் யூலை மாதக் கடைசி இதழில், முதல் பக்கத்திலேயே, ஒரு சின்னப் பெட்டிக்குள் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: ஓகஸ்ட் 1 வருகிறது, வருமான வரம்பு இந்த வருடம் இவ்வளவு, படிவம் பாமசியில் கிடைக்கும். கோயிலிலும் தமிழ்க் கடைகளிலும் தங்கள் பத்திரிகையை இலவசமாக எடுத்துப் போகிற முதியவர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் முதல் பக்கத்தைப் படிப்பார்கள். அந்தப் பெட்டியை எழுதித்தர நான் ஆயத்தம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ