பலகையில் உள்ள தமிழை வாசிக்க முடியவில்லை

பண்டைய நகரங்களைப் பராமரிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொலன்னறுவையில் செருப்பு கழற்றும் இடத்திலும் எச்சரிக்கைக்காகவும் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகைகளைத்தான் சொல்கிறோம். புதிதாக மாட்டியிருக்கிறீர்கள். பழைய பிழைகள் அப்படியே இருக்கின்றன.

மலையகப் பாடசாலைச் சுற்றுலா பஸ் அட்டனிலிருந்து இரவு இரண்டு மணிக்குப் புறப்படும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பொலன்னறுவையில் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். வளைவுகளில் வாந்தியெடுத்த பிள்ளைகள் களைத்துப்போயிருப்பார்கள். சுற்றுலாவுக்கான காசு, பெற்றோர் கொழுந்து பறித்த சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கட்டியது. செருப்பையும் தொப்பியையும் எங்கே கழற்றுவது, சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பலகையை வாசிக்க முடியாவிட்டால் காவலாளியிடம் ஏச்சு வாங்குவதும் அவர்கள்தான்.

பிழை எங்கே நுழைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். யூனிகோடில் தட்டிய வாசகத்தைப் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். ‘பெண்கள்’ என்பதில் பகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு ணகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வருவது ஆங்கில எழுத்துக் குவியல். கையால் எழுதும் இடத்தில் ரகரமும் காலும் ஒன்றாகிவிடும். அச்சிடுபவருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசித்துப் பார்க்க ஒருவரை நியமிக்காததுதான் குறை.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. தமிழ் தெரிந்தவர் வாசகத்தைத் தட்டி, எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத வடிவமாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுக்கட்டும். அச்சுக்கு முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துத் தமிழாசிரியர் ஒருவர் கையெழுத்திடட்டும். மாட்டிய பிறகும் ஒருமுறை நேரில் வாசித்துப் பாருங்கள். கடைசி நேரத்தில் பலகையின் அளவை மாற்றும்போதுதான் வரி உடைந்து, சொல்லின் வால் அடுத்த வரிக்குப் போகிறது.

தமிழ் இந்த இடங்களுக்கு விருந்தாளி அல்ல. பொலன்னறுவை இரண்டாம் சிவாலயத்தின் சுவரில் சோழர் காலத் தமிழ் இருக்கிறது. புத்தரின் புனிதத் தந்தத்தைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற தென்னிந்தியப் படையினர் தந்த உறுதிமொழி, அதே பொலன்னறுவையில் இன்னோர் இடத்தில் தமிழில் கல்லில் நிற்கிறது. காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எழுதிவைத்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் உளிபிடித்தவர் சரியாகச் செதுக்கிய எழுத்தை, கணினி வைத்திருக்கும் நாம் கோணலாக்கி அதன் பக்கத்திலேயே நிறுத்துகிறோம். பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் பிழையின்றி இருப்பதையும் பார்க்கிறார்கள்.

கோபத்தில் சொல் கடுமையாகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: பலகையில் உள்ள தமிழைத் திருத்துங்கள். ஆகஸ்ட் விடுமுறைச் சுற்றுலாக்கள் தொடங்குமுன், செருப்பு கழற்றும் இடத்துப் பலகையையும் எச்சரிக்கைப் பலகைகளையும் முதலில் மாற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம். சரிபார்க்க ஆள் வேண்டுமானால் மலையகத்துத் தமிழாசிரியர்கள் பணம் வாங்காமலே வருவோம்.

இப்படிக்கு,
மலையகத் தமிழாசிரியர்கள்