மலாவியில் காது மிஷின் பொருத்தத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டில், காது கேட்கும் கருவி வாங்க வசதியில்லாதவர்களுக்கு அதைப் பொருத்திக் கொடுப்பதற்காக, கடந்த ஜூலை மாதம் திருச்சியிலிருந்து சென்ற நாங்கள் நால்வரும் நலமாக ஊர் திரும்பினோம். பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் உதவியவர்கள் இத்தனை பேர் இருக்க, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றியை ஒரே மடலில் எழுதி முடிப்பது சற்றுச் சோம்பேறித்தனமான காரியம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி உங்களில் யாரும் பார்த்திராத ஒரு பெண்மணிக்கு உரியது. தலைநகர் லிலோங்வேக்குத் தென்கிழக்கே, டெட்சா மலைப்பகுதியில் அவர் கிராமச் சுகாதார ஊழியராக இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் முதன்முறையாக அங்கே சென்று, ஒரே வாரத்தில் கொண்டுபோன கருவிகள் அனைத்தையும் பொருத்திவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, பெருமையோடு திரும்பியதை நீங்கள் அறிவீர்கள். அதற்காக இங்கே எங்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்தது. அது நடந்த சில மாதங்களில் அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளி நோட்டுப் புத்தகத் தாளில் கோடு போட்டு, ஊர், வயது, எந்தக் காது, கருவி இப்போது எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தார். பாதிக்கும் மேற்பட்ட கருவிகள் பேச்சு மூச்சற்றுக் கிடந்தன. பேட்டரி தீர்ந்துபோனவை அதிகம். அதை வாங்க லிலோங்வே வரை போக வேண்டும், பேட்டரியின் விலையைவிட மினி பஸ் கட்டணம் அதிகம். சில கருவிகளில் ஈரம் இறங்கியிருந்தது. விலையுயர்ந்த பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்று ஒரு முதியவர் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். கடிதத்தின் கடைசியில் அவர் எழுதியிருந்தது இவ்வளவே: கருவிகள் நல்லவை, நீங்கள் போன பிறகு யாரிடம் கேட்பது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்தக் கடிதத்தில் கோபம் இல்லை என்பதுதான் எங்களை அதிகம் வருத்தியது. தொழில் தெரிந்தவர்கள் நாங்கள். காது மிஷினில் போடும் பொத்தான் பேட்டரி, ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும் என்பதும், அதன்பின் கருவியைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே போகும் என்பதும் எங்களுக்குப் பாடப்புத்தக அறிவு. பலத்த கேளாமைக்கான கருவிகளில் போடும் 675 அளவு பேட்டரி, நீலத் தாள் ஒட்டியது, ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே காதுக்குக்கூட ஆண்டுக்கு 26 வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமலேயே விமானம் ஏறியிருந்தோம். உலகில் 43 கோடிப் பேருக்குக் கேட்டல் தொடர்பான சிகிச்சையோ துணையோ தேவைப்படுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னதை மேடையில் முழங்கத் தெரிந்த எங்களுக்கு, டெட்சாவில் ஒருவருக்கு அடுத்த பதினைந்தாம் நாள் என்ன தேவைப்படும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

எனவே இம்முறை கருவிகளைக் குறைத்துக்கொண்டு பேட்டரிகளை அதிகமாகக் கொண்டுபோவதென்று முடிவு செய்தோம். இந்த முடிவு நன்கொடை திரட்டுவதற்கு உகந்ததல்ல. எத்தனை பேருக்குப் பொருத்தினீர்கள் என்று கேட்பவர்களிடம் குறைந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாப் படங்களிலும் தன் பேனர் தெரிய வேண்டும் என்று கேட்ட ஒருவர், எண்ணிக்கை குறைகிறது என்றதும் விலகிக்கொண்டார். அந்த இடத்தை நிரப்பியவர்கள் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களான நீங்கள். மாதம் ஒரு பேட்டரி அட்டை என்ற கணக்கில் வீட்டுக்கு வீடு சேர்த்து, ஒவ்வோர் அட்டையிலும் காலாவதித் தேதி பார்த்து அடுக்கித் தந்தீர்கள். கணக்கு எழுதிப் பழகிய கைகள் என்பது அந்தப் பெட்டிகளைத் திறந்தபோதே தெரிந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மையார், காலமான தம் கணவரின் காது மிஷினைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அதைச் சுத்தம் செய்து, பழைய அமைப்பை அழித்து, மலாவியின் சலீமா ஊரில் ஏரிக்கரையோரம் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் ஆடியோகிராமுக்கு, அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்துக்கு, ஏற்ப மாற்றியமைத்தோம். படம் எடுத்து வரவில்லை என்று சொன்னபோது அம்மையார் வருந்தவில்லை. அந்த ஆசிரியர் அதைப் போட்டுக்கொண்டு மனைவியோடு பேசுகிறாரா என்று மட்டும் கேட்டார். தம் கணவர் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தம்மோடு பேச உட்காருவார் என்றும் சொன்னார்.

உறையூர்த் தையற்காரர் கழுத்தில் மாட்டும் கயிறு வைத்துச் சிறு துணிப்பைகள் தைத்துத் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பெரிய கடைவீதிக் காலணிக் கடைக்காரர்கள், செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைக் குப்பையில் போடாமல் மூன்று மாதம் சேர்த்து வைத்தார்கள். இரவில் கருவியைக் கழற்றி, மூடியுள்ள டப்பாவில் இந்தப் பொட்டலத்தோடு வைத்தால் வியர்வை ஈரம் வடியும். மலாவியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீளும் மழைக்காலத்தில் அந்தப் பொட்டலங்கள்தாம் கருவிகளின் ஆயுள். கேட்டபோது நம்பாமல் சிரித்த ஒரு கடைக்காரருக்கு இந்த வரிகளை யாரேனும் படித்துக் காட்டுங்கள்.

கருவியின் ஒலியைக் காதுக்குள் கொண்டுசெல்லும் காது அச்சைச் சென்னையில் செய்யும் பட்டறைக்கும் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். காதின் உள்வடிவத்துக்குச் சரியாக அமையாத அச்சைப் போட்டால் ஒலி கசிந்து கருவி விசிலடிக்கும். விசிலடித்தால் யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். முதன்முறை சென்றபோது பொது அளவு ரப்பர் முனைகளை மாட்டிவிட்டு வந்தோம். இம்முறை அச்சுகள் எங்களுக்கு முன்பே பயணம் செய்தன. டெட்சாப் பெண்மணியும் அவருடைய தோழர் ஒருவரும், காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை வைத்துவிட்டு சிலிக்கான் பசையைச் செலுத்தி, அது இறுகியதும் மெல்லத் திருகி எடுக்கும் முறையை லிலோங்வேயில் கற்றுக்கொண்டு, ஏப்ரலிலேயே அளவுகளை எடுத்து அனுப்பிவிட்டார்கள். பட்டறையினர் மூலப்பொருளின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டு, இரவு வேலையாகச் செய்து முடித்து, ஒவ்வொன்றிலும் வலது காதுக்குச் சிவப்பும் இடது காதுக்கு நீலமும் குறியிட்டுத் தந்தார்கள்.

அங்கே முதல் மூன்று நாட்கள் நாங்கள் ஒரு கருவியையும் பொருத்தவில்லை. காதில் அடைத்திருக்கும் அழுக்கான குறும்பியை எடுப்பதும், சீழ் வடியும் காதுகளைச் சுத்தம் செய்து மருந்துக்கு அனுப்புவதுமே வேலையாக இருந்தது. சீழ் வடியும் காதில் அச்சைச் செருகக் கூடாது. அந்தப் பொறுமையான வேலையை உள்ளூர் மருத்துவ அலுவலர்கள் செய்தார்கள், நாங்கள் விளக்குப் பிடித்தோம் என்றே சொல்லலாம். குறும்பி வெளிவந்ததும் கருவியே தேவைப்படாமல் நடந்து வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்காகக் கனாமைசின் ஊசி போட்டுக்கொண்டு உயிர் பிழைத்து, ஆனால் கேள்விப்புலனை இழந்த மினி பஸ் நடத்துநர் ஒருவரும் வந்தார். அந்த ஊசியை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அறிவித்தது. அவருக்கு அது பிந்திய செய்தி.

மொழிபெயர்த்து உதவிய பள்ளி ஆசிரியைக்குத் தனி நன்றி. அங்கே பேசும் சிச்செவா மொழியில் கேட்பதற்கும் உணர்வதற்கும் புரிந்துகொள்வதற்கும் ஒரே சொல்தான் என்பதையும், அம்மாவை ‘அமயி’ என்பார்கள் என்பதையும் அவரிடம் கற்றோம். ‘முகும்வா?’, அதாவது கேட்கிறதா, என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் முதியவர்கள் ஆம் என்றே தலையாட்டினார்கள். விருந்தாளியின் மனம் கோணக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள் என்று ஆசிரியைதான் எங்களைத் தனியே அழைத்து எச்சரித்தார். அதன்பின் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைத்தோம். பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். மரியாதைக்காகச் சொல்லும் பொய் இதில் செல்லாது.

கருவி போட்டதும் ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் காட்சிகளை எதிர்பார்த்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பெரும்பாலோர் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். தகரக் கூரை, ஆடு, பக்கத்து அறையின் நாற்காலி என்று எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்து விழும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மூளை அதைப் பிரித்தறியச் சில வாரங்களாகும். ஒரு பாட்டி அன்றே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய், மறுநாள் காலை எங்களுக்கு முன்பே வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். சற்றுக் குறைத்து வைக்கச் சொன்னார். குறைத்து வைத்தோம்.

ஜூலை அங்கே குளிர்காலம் என்று தெரிந்தும் சால்வை எடுத்துப்போகாத எங்களுக்குத் தம் போர்வைகளைக் கொடுத்த விருந்தோம்பலர்களுக்கும், சுங்கத்துக்கான கருவிப் பட்டியலை வரிசை எண்ணோடு தயாரித்த கணக்காளருக்கும், விடுப்பு தந்த எங்கள் மருத்துவமனைகளுக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட என் மாமியாருக்கும் நன்றி.

சென்ற வாரம் டெட்சாவிலிருந்து புதிய பட்டியல் வந்திருக்கிறது. மூன்று குழந்தைகளின் அச்சு தளர்ந்துவிட்டது. காது வளர்கிறது, எதிர்பார்த்ததுதான். இரண்டு கருவிகளில் குழாய் இறுகியிருந்ததை அவரே மாற்றிவிட்டார். இம்முறை தாளில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, அடுத்த பேட்டரி எப்போது வேண்டும் என்று குறித்திருக்கிறார். எல்லா வரிகளிலும் நவம்பர் என்று இருக்கிறது, மழை தொடங்குமுன் கிடைத்தால் நல்லது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பெட்டி அக்டோபர் முதல் வாரம் கிளம்புகிறது. வங்கி நண்பர்கள் வழக்கம்போல் தேதி பார்த்து அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
குழுவின் சார்பில்,
ஒரு கேட்பியலாளர்,
திருச்சிராப்பள்ளி