சில்லறையில் தொடங்கலாம், உண்டியலில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்றாடம் கைக்கு வரும் சில்லறையைச் சேர்த்து வைப்பது, நாணயச் சேகரிப்பில் புதிதாக இறங்குபவருக்குப் பயன்படுமா என்ற கேள்வியைத் தங்கள் இதழ் எழுப்பியிருந்தது. கட்டாயம் பயன்படும். ஆனால் வந்த காசையெல்லாம் உண்டியலில் போட்டு மூடி வைப்பதற்குச் சேகரிப்பு என்று பெயரில்லை. பத்து வருடம் கழித்து உடைத்தாலும் ஒரு ரூபாய் ஒரு ரூபாய்தான். அதற்குள் விலைவாசி ஏறியிருக்கும். உலோக மதிப்பையும் நம்ப முடியாது. வெள்ளி கலந்த ரூபாய் 1945ஆம் ஆண்டு நாணயத்தோடு முடிந்துவிட்டது. நாணயத்தை உருக்குவது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றமும்கூட.

சில்லறை தருவது கண்ணுக்குப் பயிற்சி. தவறாக எடுத்துவிட்டால் மறுநாள் கடையில் கொடுத்துவிடலாம், நட்டமே இல்லை. பெரும்பாலான சேகரிப்புகளில் இந்த வசதி கிடையாது.

முதலில் பழக வேண்டியது ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள மின்ட் மார்க், அதாவது காசு எந்த நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் சிறு குறி. சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. தேய்ந்த காசில் சாய்சதுரமும் புள்ளியும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று அவசியம். காசை நேராகப் பிடிக்காமல் விளக்கொளியில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் மூலைகள் தெரியும்.

கண்டதையும் எடுக்காமல் ஒரே வரிசையை வைத்துத் தொடங்குவது நல்லது. 1992 முதல் 2004 வரை வந்த, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரூபாய் எஃகு நாணயம் இதற்குப் பொருத்தம். பதின்மூன்று ஆண்டு, நான்கு நாணயச் சாலை என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஆண்டும் எல்லாச் சாலையிலும் அடித்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம், சில கட்டங்கள் காலியாகவே நிற்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே காசு போதும். சிங்கங்களின் பிடரிக்கோடு தெளிவாக உள்ள காசு கிடைக்கும்போது பழையதை எடுத்துச் செலவழித்துவிடுங்கள். முழு வரிசைக்கும் முடங்கும் பணம் 52 ரூபாயைத் தாண்டாது.

ஐந்து ரூபாயைப் பிரிக்கக் காந்தம் உதவும். 2007ஐ ஒட்டி வந்த எஃகு நாணயம் ஒட்டும். அதற்கு முந்தைய 9 கிராம் கனமான குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த) நாணயமும், பின்னர் வந்த 6 கிராம் மஞ்சள் நாணயமும் ஒட்டாது. கனமான பழைய நாணயம் இப்போது சில்லறையில் அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள். நினைவு நாணயங்களும் இந்தக் கூட்டத்தில்தான் ஒளிந்திருக்கும். 1995இல் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு 1, 2, 5 ரூபாய்கள் வந்தன. காமராசர், அண்ணா, சி. சுப்பிரமணியம் ஆகியோரின் நூற்றாண்டுகளுக்கும், பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்கும் 5 ரூபாய் நாணயங்கள் உண்டு.

அச்சடிக்கும்போதே தவறு நேர்ந்த காசான பிழை நாணயத்தைத் தேடுவோர் சிங்கத்தை நிமிர்த்திப் பிடித்து, காசை இடவலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். கணிசமாகச் சாய்ந்திருந்தால் அச்சு திரும்பிய பிழை, எடுத்து வைக்கலாம். சுத்தியலால் அடித்தது, அரம் போட்டது, பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றியது இவையெல்லாம் சேதமே தவிரப் பிழை நாணயம் ஆகா.

பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது சுத்தம் செய்வதில்தான். புளி, சாம்பல், பற்பசை, எலுமிச்சை எதுவுமே கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரியான புளி, காசின் மேற்பரப்பை அரித்துவிடும். அச்சடித்த நாளின் இயல்பான ஒளி போய்விட்டால் திரும்ப வராது, தேய்த்த கோடுகளை வாங்குபவர் லென்ஸில் கண்டுபிடித்துவிடுவார். அழுக்கு மிகுந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நாளடைவில் பிசுபிசுப்பான பச்சைப் படலம் காசில் படியும். மைலார் என்னும் மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக் சாளரமுள்ள அட்டை ஹோல்டர் வாங்கி, ஸ்டேப்பிள் பின்னின் முனைகளை இடுக்கியால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும். கடலோர ஊர்களில் எஃகு நாணயத்திலும் துருப்புள்ளி வரும், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

வைஷ்ணோதேவி உருவமுள்ள காசுக்கு லட்சக்கணக்கில் விலை என்று பரவும் செய்திகளை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசை விற்றுத்தரக் கமிஷனும் வரியும் முன்பணமாகக் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தேர்ந்தெடுத்தது போக மிஞ்சியதைத் தயங்காமல் செலவழியுங்கள். பத்து ரூபாயில் ரூபாய்க் குறி இல்லாத பழைய வடிவங்களும் செல்லும் என்று 2018இலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. 50 காசும் இன்றுவரை செல்லுபடியாகும். 25 காசும் அதற்குக் கீழானவையும் மட்டுமே 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை.

மேலே சொன்ன மின்ட் மார்க்குகளைப் பெரிதாக்கி ஒரு படமாகத் தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் வெளியிட்டால், வீட்டில் சில்லறை எண்ணும் பிள்ளைகளுக்கு அதுவே போதும். வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்,
தஞ்சாவூர்