தெம்பனீஸ் கல்யாணம்

அன்புள்ள குமார்,

ஆறு மாதமாக உன் செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன், கவனித்திருப்பாய். ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் ஆட்குறைப்பு நடந்து என் வேலை போய்விட்டது. பத்தொன்பது வருடம் சரக்குக் கணக்குப் பார்த்த இடம். கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். உன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கோபப்படாதே, அம்மாவிடமே பிப்ரவரி கடைசியில்தான் சொன்னேன். அதுவரை தினமும் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு பிடோக் நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பயப்படாதே, இப்போது வேறு வேலையில் சேர்ந்துவிட்டேன். அது கிடைத்த கதைதான் வேடிக்கை.

இணையத்தில் அறுபது விண்ணப்பத்துக்கு மேல் போட்டேன். நாற்பது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையில் கொஞ்சத்தைச் செலவழித்து ஒரு வகுப்பும் முடித்தேன். அப்புறம் ஒருவழியாக நம் தேக்கா நண்பர்கள் கூட்டத்திடம் வாயைத் திறந்தேன். பாவம், துடித்துப் போனார்கள். ராஜா இரண்டு முறை பிரியாணியோடு வந்து நின்றான். ஆனால் அவர்கள் சொன்ன காலியிடம் எல்லாம் நான் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டவை. ஒரே பள்ளி, ஒரே வட்டாரம், பாதிப் பேர் துறைமுகத் தொழில். எனக்குத் தெரியாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மே மாதம் அஸ்மான் மகளுக்குக் கல்யாணம். தேசிய சேவையில், அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சி முகாமில், எனக்குப் பக்கத்துக் கட்டில் அவன். தெம்பனீஸில் அவனுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் விருந்து. "இப்போ எங்கே வேலை?" என்று நாலு பேர் கேட்பார்களே என்று நழுவப் பார்த்தேன், வீட்டுக்காரி விடவில்லை. தட்டோடு உட்கார்ந்தால், எதிரே வெய் மிங்! புக்கிட் தீமா பங்களாப் பையன், முகாமில் காலுறை துவைக்கத் தெரியாமல் விழித்தவன். பார்த்து எட்டு வருடம் இருக்கும். அவன் கேட்டான், நான் உள்ளதைச் சொன்னேன். அவன் மைத்துனி வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில் குளிர்பதனச் சரக்குக்கு ஆள் தேடுகிறார்களாம். மூன்றாம் வாரம் வேலையில் இருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் என் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். கிரானோவெட்டர் என்ற அமெரிக்கர் 1973லேயே எழுதிவிட்டாராம். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களை விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்கள் எப்போதாவது, எங்கேயாவது பார்த்துக்கொள்பவர்கள். இன்னொன்றும் சொன்னாள்: இங்கே கொள்கை ஆய்வுக் கழகம் 2017ல் பார்த்ததில், நம் ஊரில் நட்புக்கு இனத்தைவிட வர்க்கம்தான் பெரிய சுவராக இருக்கிறதாம். யோசித்துப் பார்த்தேன். முகாமுக்குப் போயிருக்காவிட்டால், பங்களாக்காரன் ஒருவனோடு நான் ஒரே அறையில் தூங்கியிருக்கவே மாட்டேன்.

அதற்காக ராஜாவின் பிரியாணியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நூலகத்தில் ஒளிந்திருந்த நாட்களில் எனக்கு இரத்த அழுத்தம் எகிறிவிட்டது. அவனிடம் கொட்டித் தீர்த்த அன்றுதான் விடியும்வரை தூங்கினேன். 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இருக்கிறது. நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாம். வெய் மிங்கிடம் நான் அழ முடியுமா, சொல்?

சரி, ஒரு உதவி வேண்டும். எங்கள் மாடியில் ஒரு பையன், வயது 23. பாலிடெக்னிக்கில் இணையப் பாதுகாப்பு படித்தவன், கெட்டிக்காரன். அப்பா பேருந்து ஓட்டுநர், அம்மா பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கிறார். அந்தத் தொழிலில் அவர்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. எனக்கும் உன்னைத் தவிர யாரும் இல்லை. வேலை வாங்கித் தா என்று கேட்கவில்லை, அரை மணி நேரம் அவனோடு பேசு, போதும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சரிவருமா? உங்கள் மெல்பர்ன் கடிகாரம் எப்போதும் எங்களுக்கு முன்னால் ஓடுகிறது, நேரத்தை நீயே சொல்லிவிடு. பையன் கூச்சக்காரன், முதலில் நீதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
செல்வா