கதையை முடிக்காமல் காத்திருந்தவர்களுக்கு நன்றி

மழலையர் மையத்தின் ஆசிரியைகளுக்கும் ஆயாம்மாவுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு என் மகள் சின்ன அறையிலிருந்து பெரிய அறைக்கு மாறினாள். அதே கட்டிடம், அதே வாசல். ஒரு வருடம் பழகிய இடம்தானே, இனி அழுகை இருக்காது என்று நம்பியிருந்தேன். முதல் நாள் காலையில் புதிய அறையின் வாசலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று அழுதாள். கை மட்டும் எதிரே இருந்த சின்ன அறையைக் காட்டியது. நமக்கு அது பத்தடி தூரம். மூன்று வயது நிரம்பாத அவளுக்கோ பை மாட்டும் கொக்கி, தூங்கும் பாய், 'வாடா கண்ணு' என்று அழைக்கும் குரல் எல்லாமே ஒரே நாளில் மாறிப்போயிருந்தன.

சின்ன அறை ஆசிரியைக்கு முதல் நன்றி. ஆண்டு முடிவதற்குப் பல நாட்கள் முன்பே பிள்ளைகளை நான்கு நான்கு பேராகக் கைபிடித்துப் பெரிய அறைக்கு அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறீர்கள். புதிய ஆசிரியை உங்கள் அறைக்கு வந்து, யாரையும் அருகே அழைக்காமல் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பாராம். இவை எனக்குப் பிறகுதான் தெரிந்தன. தூக்கம் வந்தால் இவள் காதைத் தடவுவாள், பசித்தால் சொல்லமாட்டாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். அந்தத் தாளைப் பார்த்தபோது என் கண் நிறைந்துவிட்டது.

எட்டு மாத வாக்கில் தொடங்கும் பிரிவுப் பயம் மூன்று வயதை ஒட்டித் தணிவது வழக்கம் என்றாலும், பழகியது மாறினால் மறுபடி தலைகாட்டும் என்று தலைமையாசிரியை பொறுமையாக விளக்கினார். பெர்லின் முறை என்ற பெயரில் ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு வழக்கத்தையும் அவரிடமிருந்தே அறிந்தேன். புதிதாகச் சேரும் குழந்தையுடன் முதல் மூன்று நாட்கள் பெற்றோரும் அறையிலேயே இருப்பார்கள். நான்காம் நாள்தான் முதல்முறையாகச் சிறிது நேரம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். இவள் புதிதாகச் சேர்ந்தவள் அல்லள். ஆனாலும் எனக்கு அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள்.

அந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்து போன விதம்தான் தவறு. அவள் கட்டைகளை அடுக்கும் நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் நழுவிவிடுவேன். அழாமல் இருக்கிறாளே என்று அதைக் கருணையாக நினைத்தேன். புதிய ஆசிரியை தனியே அழைத்துச் சொன்னார்: "சொல்லாமல் போகாதீர்கள் அம்மா. அழுதால் அழட்டும், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எப்போது காணாமல் போவீர்களோ என்று அவள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

மறுநாள் முதல் சொல்லிவிட்டுப் போனேன். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு மணியைச் சொல்லிப் பயனில்லை என்பதால், "தூங்கி எழுந்து, கதை முடிந்ததும் அம்மா வருவேன்" என்று தினமும் அதே சொற்கள். மாலையில் நீங்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளில் பூசிமெழுகல் இல்லை. முதல் நாள் 25 நிமிடம் அழுதாள், மூன்றாம் நாள் 40, ஒன்பதாம் நாள் 5, விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை மறுபடியும் 20. 'நன்றாக இருந்தாள்' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் உங்களை நம்பியிருக்கமாட்டேன்.

ஆயாம்மா, அவளுடைய பழைய போர்வைத் துண்டைத் துவைக்காமல் கொண்டுவரச் சொன்னீர்கள். குழந்தைகள் இப்படிப் பற்றிக்கொள்ளும் பொருள்களைப் பற்றி மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். வீட்டு வாசனை போய்விட்டால் அது வெறும் துணி என்பதை நீங்கள் ஒரே வரியில் எனக்குச் சொல்லிவிட்டீர்கள். பாயில் அவள் தலைமாட்டில் அதைத் தினமும் மடித்து வைத்தது உங்கள் கைதான்.

ஒரு நாள் வழியில் சிக்கி 20 நிமிடம் தாமதமாக ஓடிவந்தேன். அறையில் கதை நடந்துகொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் பலரும் கிளம்பிவிட்டார்கள். என் மகளோடு இன்னும் இரண்டு பேர் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவருகே தெரிந்த பிறகுதான் கதையில் வந்த யானைக்குட்டி வீடு போய்ச் சேர்ந்தது. 'கதை முடிந்ததும் வருவேன்' என்ற என் சொல் பொய்யாகிவிடக்கூடாது என்று அந்த யானைக்குட்டியை நீங்கள் எத்தனை ஆறுகளைத் தாண்ட வைத்தீர்களோ! அன்றைக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதற்காகவே இந்த மடல்.

நேற்று அவளே கதவுவரை வந்து, "கதை முடிஞ்சதும் வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஒரு வேண்டுகோள். இரவில் அந்த யானைக்குட்டிக் கதையைத்தான் கேட்கிறாள். நான் ஆறுகளை வரிசை மாற்றிச் சொல்கிறேன் என்று திருத்துகிறாள். முழுக்கதையையும் ஒரு தாளில் எழுதித் தருவீர்களா?

அன்புடன்,
ஜன்னலோரக் கொக்கியில் பை மாட்டும் சிறுமியின் அம்மா